ஆவுடையப்பன் சாரின் தொண்டை

எந்தக் கல்லூரியைக் கேட்டாலும் ஆவுடையப்பன் சாரிடம் மொத்தமே மூன்று சொல்தான் உண்டு, அமையும், அமையாது, இழுபறி, இந்த மூன்றுக்காகத்தான் தென்காசியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பெற்ற அத்தனை பேரும் சாரலில் நனைந்துகொண்டு இந்த மாடிப்படி ஏறுகிறார்கள், ஏறி, செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி மூலையில் சாய்த்து, ஜாதகம் பார்க்க வந்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பாயில் உட்காருகிறார்கள் என்று நினைத்தபடி உலகம்மை தன் இடது காலை அசைக்கப் பார்த்தாள், அது அசையவில்லை. மரத்துக் கிடந்தது. விரலால் குத்திப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் காலைக் குத்துவது போல இருந்தது. இருக்கட்டும். மற்றதெல்லாம் மட்டும் என்ன வாழ்கிறது. மார்க் வந்த அன்றிலிருந்தே இப்படித்தான், யாரோ உள்ளே வந்து மெயினை அணைத்துவிட்டுப் போன மாதிரி. பக்கத்தில் அப்பா, சங்கரபாண்டியன், மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவர், எந்த வீட்டிலும் நின்றபடியே பேசிப் பழகியவர், உட்கார்ந்தால் ஆளே பாதியாகிவிடுவார், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “சார் ஒரு வார்த்தை சொல்லிட்டாவன்னா போதும், சரி, சரி,” என்றார், யாரும் எதுவும் கேட்காமலே. அப்பாவின் குரல் அடிவயிற்றில் தொடங்கி வாசற்கதவு வரைக்கும் போகப் பழகிய குரல், அதை இந்த வீட்டுக்காகச் சுருட்டிச் சின்னதாக்கி வைத்திருந்தார், பாயைச் சுருட்டி வைப்பது போல. அவள் அதை மனசுக்குள் ஒருமுறை செய்து பார்த்தாள். சுருட்டின அப்பா. நன்றாக வந்தது. உள்ளறையில் சார் செருமினார். அந்தச் செருமலும் அவளுக்குத் தெரியும், மாட்டுவண்டிச் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று யோசித்து இறங்குகிற செருமல், அதற்குப் பிறகு மூக்கால் ஒரு ம்ம்ம், அதற்குப் பிறகு “பார்ப்போம்... பார்த்தாச்சு,” அதற்குப் பிறகு மூன்றில் ஒன்று. பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் இதைத்தான் செய்தாள், தலைமையாசிரியைக்கு ஜனாதிபதி பதவி அமையுமா என்று பார்த்தாள், வாட்ச்மேனுக்கு மருத்துவம், சத்துணவு முட்டைக்கு ஐஐடி, முட்டைக்கு மட்டும் இழுபறி என்று சொன்னபோது பள்ளிக்கூடமே பெஞ்சைத் தட்டியது, டீச்சர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், யாரோ அதைப் போனில் பிடித்து, அது ஊரெல்லாம் சுற்றியது. இந்த வீட்டுக்கும் வந்திருக்குமோ. வந்திருக்கும். தென்காசி என்ன லண்டனா.

இன்றைக்கு ஆனால் உள்ளறையிலிருந்து செருமல் மட்டும்தான் வருகிறது, அதற்குப் பின்னால் வரவேண்டியது எதுவும் வரவில்லை. அரைமணி நேரமாக அவள் காத்திருக்கிறாள், செருமல், பிறகு வெறும் காற்று. அடுக்களையிலிருந்து சுக்கும் மிளகும் கொதிக்கிற காட்டம் மூக்கில் ஏறியது. எதிர்ப்பாயில் கடையநல்லூரிலிருந்து வந்த செய்யது என்கிற பையனும் அவன் உம்மாவும், அந்த அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, “இவனுக்குக் கம்ப்யூட்டர்தான் வேணுமாம், சென்னையிலதான் வேணுமாம், பெத்தவ நான் இங்கன கெடக்கேன்,” என்று அப்பாவிடம் சொன்னாள். “எங்க வீட்டுலயும் அதே கதைதாம்மா,” என்றார் அப்பா. “கிடைக்கிறதை மேல போட்டுட்டு, ஆசையைக் கீழ போடணும். அதான் புத்தி. சார் முறை அதுதான், சரி, சரி.” சார் முறை. ஊர் முறையும் அதுதான். இன்று சாயங்காலத்துக்குள் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப்பட்ட கல்லூரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்றிப் பூட்டிவிட வேண்டும், எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்றால் நிச்சயமாகக் கிடைக்கும் என்று சார் சொல்கிற கல்லூரியை உச்சியில் போடுகிறார்கள், கிடைக்குமோ கிடைக்காதோ என்கிறதை அடியில் போடுகிறார்கள், பிரசாதத்தில் முந்திரியைக் கடைசியில் தேடுவது போல. அந்தக் காலத்தில் சார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கே போவாராம், பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மீதி இடம் ஓடிக்கொண்டிருக்குமாம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து ஒன்பதாகும், ஒன்பது எட்டாகும், ஆசைப்பட்டது பறிபோவதைப் பல பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்களாம், அப்போதிருந்தே சார் சொல்லிச் சொல்லி வருவது, உள்ளதை முதலில் பிடி. அந்தத் திரை போய் எத்தனையோ வருசமாகிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. உலகம்மைக்கு இது தப்பு என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, தெரிந்தது அவளுக்கு இல்லை, அப்பாவுக்கு, அதாவது அப்பாவின் குரலுக்கு.

முந்தாநாள் மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் அரசின் கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போன் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பேசினால் யார் மதிப்பார்கள் என்று தோன்றியது, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து வாசற்கதவு வரைக்கும் அனுப்பினாள், “அம்மா, வணக்கம்மா, எம்மவளுக்கு ஒரு சந்தேகம், சரி, சரி, நான் கேட்டுச் சொல்லுதேன்.” அந்தப் பக்கத்துப் பெண் பாவம், தொண்டை கட்டியிருந்தும் பொறுமையாகச் சொன்னாள், சார், நல்லாக் கேட்டுக்கோங்க சார், மேலேருந்து ஒண்ணு ஒண்ணாத்தான் சார் பார்க்கும், முதல் விருப்பத்துல இடம் இருந்தா அதைக் குடுத்துட்டு அங்கேயே நிறுத்திடும் சார், இல்லைன்னாத்தான் அடுத்ததுக்குப் போகும், மேல போடுறதால கீழ இருக்கிற எதுவும் குறையாது சார், பொண்ணுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதையே மேல போடுங்க சார். “கிடைக்காததைப் போட்டா இருக்கிறதும் போயிரும்னு சொல்லுதாவளே?” “போகாது சார். அப்படிப் பயந்து பிடிச்சதைக் கீழ போட்டுத்தான் சார் நிறையப் பேரு ஏமாந்துடுறாங்க. கிடைக்க வேண்டியதே கிடைக்காமப் போகுது.” “சரி, சரி, நல்லாயிரும்மா.” “பொண்ணுக்கு வாழ்த்துகள் சார்.” போனை வைத்தபிறகும் அந்த வாழ்த்துகள் எங்கே போவதென்று தெரியாமல் அறைக்குள்ளேயே நின்றன. அதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது. போன மாசி மாதம் அவள் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு விடாமல் வாசலில் நின்று அப்பா குரலில் “ரீடிங்!” என்று கத்தினாள், உள்ளே நாயைப் பிடித்துக் கட்டுகிற சத்தம், கேட்டைத் திறக்கிற சத்தம், மீட்டர் பெட்டிக்கு முன்னால் கிடந்த சாமானையெல்லாம் ஒதுக்குகிற சத்தம், ஒளிந்து நின்று சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது. இரண்டு நாள் கழித்து நிஜ அப்பா போய் நின்று கத்தியபோது ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. “போளா, போளா, உங்கப்பன் வரும்போது பார்த்துக்கிடுவோம்” என்று உள்ளேயிருந்து சிரித்தார்களாம். அப்பா வெயிலில் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து கை காலெல்லாம் கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தவர், அவளைப் பார்க்காமல், “ஏளா, எல்லாரு குரலையும் எடு. எங்குரலை விட்டுரு. அது என் சோறு,” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவள் அதையும் ஒரு குரலாக வைத்துக்கொண்டிருப்பாள். விட்டுவிடுகிறேன் என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணினாள், அம்மா தலையில் அடித்து. ஆகவே முந்தாநாள் போன் என்பது நடக்கவே இல்லை, நடக்காத ஒன்றை எப்படிச் சொல்வது, அம்மா தலை வேறு இருக்கிறது.

மார்க் வந்த அன்றைக்கும் இதேதான். கணினி மையத்தில் திரையைப் பார்த்தவுடன் அம்மா கேட்டாள், என்னாச்சுளா, சொல்லு. இயற்பியல் காலை வாரியிருந்தது. வாயைத் திறந்தாள், எதுவோ வரப்போகிறது என்றுதான் அவளும் நினைத்தாள், ஆனால் வந்தது செய்தி வாசிக்கிற அம்மாளின் குரல், வணக்கம், தலைப்புச் செய்திகள், தென்காசி மாணவி உலகம்மை இயற்பியலில் எதிர்பாராத சரிவு, மீட்புப் பணிகள் தீவிரம். கணினி மையத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அழத் தயாராக இருந்த அம்மாகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே மெயின் அணைந்தது. அதற்குப் பிறகு தெருவில் போகிற வருகிற ஆளெல்லாம், என்னளா, கட்-ஆஃப் எவ்வளவு, நூத்தித் தொண்ணூத்தி மூணரையா, அடடா, ஒரு அரை மார்க்குல போயிரும் போலயே, சென்னையெல்லாம் போன வருசம் தொண்ணூத்தி நாலுல்லா. அரை மார்க். கடுகளவு. போன வருசம் நின்ற இடம் இந்த வருசமும் நிற்குமா, ஏறுமா, இறங்குமா, அது யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, பால்காரருக்கு இருக்கிறது, தையல்காரிக்கு இருக்கிறது, அவர்கள் அபிப்பிராயம் சொல்லும்போது அவள் அவர்கள் குரலைத்தான் கவனிப்பாள், எங்கே இழுக்கிறார்கள், எங்கே மூச்சு விடுகிறார்கள், சொன்ன சேதி காதோடு நின்றுவிடும். சேதி உள்ளே போகாத வரைக்கும் வலி இல்லை. சென்னை ஏன் வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு அந்தச் சென்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார்கள், ஒரு நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவு, அதில் அவள் தனியாக வழி தவறி ஒரு மத்தியானம் முழுக்க நின்றாள், எத்தனையோ பேர் கடந்து போனார்கள், ஒருத்தராவது நின்று, ஏளா, ஒண்ணு பண்ணிக் காட்டு என்று கேட்கவில்லை. ஒருத்தருக்கும் அவளைத் தெரியாது. நாக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. தண்ணீர்ப்பானைக்குள் கையை விட்டது போல அப்படி ஒரு குளிர்ச்சி. பக்கத்து ஊர்க் கல்லூரி பஸ் அவள் தெருமுனைக்கே வரும், வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் ஏறப்போகிறார்கள், ஏறின உடனே, ஏ உலகு, ஆவுடையப்பன் சார் பண்ணு, நாலு வருசம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அதை நினைத்தால் பயம் வரவேண்டும். பயம் வரவில்லை. காலைக் குத்திப் பார்த்தாள். இன்னும் அடுத்தவள் கால்தான்.

“சங்கரபாண்டி,” என்று சாரின் வீட்டம்மா கோமதியம்மா வாசலில் வந்து நின்றாள், கையில் கஷாய டம்ளர், “இவியளுக்குத் தொண்டை சுத்தமா அடைச்சுப்போச்சு, ஒரு வாரத்துக்கு வாயே தொறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. காத்துதான் வருது. நான் கேட்டுச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குதாவ. காலையில வந்த ஒரு அம்மா, சார் வாயால கேட்காம போமாட்டேன்னு தரையில படுத்துட்டா.” அப்பா எழுந்து நின்றுவிட்டார். “அய்யய்யோ, அப்ப சார் சொல்ல மாட்டாவளா?” கோமதியம்மா உலகம்மையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், டம்ளர் ஆவி அவள் முகத்துக்கு முன்னால் ஆடியது. “நீதானளா அது? ஆண்டு விழாவுல?” ஆக, வந்திருக்கிறது. முட்டை, வாட்ச்மேன், எல்லாம். அப்பா தரையைப் பார்த்தார். செய்யது சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். என்ன சொல்வது, தலைமையாசிரியை குரலில் மன்னிப்புக் கேட்கலாம், போலீஸ்காரர் குரலில் சரணடையலாம், எல்லாம் வரிசையில் நின்றன, எது வேண்டும் எது வேண்டும் என்று. “இவிய அதைப் போன்ல நாலு தடவை பார்த்தாவ,” என்றாள் கோமதியம்மா. “நாலாவது தடவை சிரிச்சாவ. உள்ள வா. உன்னத்தான் கூப்பிடுதாவ. மத்தவங்களும் வாங்க, எல்லாருமா உக்காருங்க.”

சார் சாய்வு நாற்காலியில் கழுத்தில் மப்ளரோடு இருந்தார், நிஜ சார் அவள் செய்கிற சாரைவிட ஒல்லி. பக்கத்து மேசையில் கணினி, அதில்தான் கோமதியம்மா எல்லாருக்கும் கல்லூரி வரிசையை ஏற்றித் தருவாள். சார் விரலை மடக்கி அவளைக் கிட்டே கூப்பிட்டார், தன் தொண்டையைக் காட்டினார், பிறகு அவள் தொண்டையைக் காட்டினார். அவளுக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. முதலில் செய்யது. சார் அவன் மார்க்கைப் பார்த்தார், கண்ணை மூடினார், உதட்டை அவள் காதுக்குக் கொண்டுவந்து காற்றை விட்டார், கஷாய நெடியோடு இரண்டே வரி. அதைக் கேட்டதும் அவள் ஒன்றும் நினைக்கவில்லை, மாட்டுவண்டி கல்லின் மேல் ஏறியது, நின்றது, இறங்கியது, மூக்கால் ஒரு ம்ம்ம் புறப்பட்டது, “பார்ப்போம்... பார்த்தாச்சு. சென்னை அமையாது. பக்கத்துல உள்ளதை மேல போடு.” ஆண்டு விழாவில்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. உள்ளே எங்கோ ஒரு குஷி குதித்தது, ஒரே ஒரு குதி, அப்புறம் அந்த உம்மாவின் கையைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை இழுக்கப்போன கை பாதி வழியில் நின்றுவிட்டது. “சார் சொன்னா சரிதான் சார்,” என்று அந்த அம்மா சாரைப் பார்த்துச் சொன்னாள். உலகம்மையைப் பார்க்கவே இல்லை. “அல்லா குடுக்கிறது அதுன்னா அதுதான். தொண்டை நல்லாத்தானே சார் இருக்கு?” செய்யது மட்டும் உலகம்மையைப் பார்த்தான், அடிபட்ட மாதிரி, நீதானே சொன்னே என்கிற மாதிரி. நான் சொல்லலைடே, சார்தான். சார்தானா. சாரிடம் காற்றுதான் இருந்தது, அடித்தது நான். இப்படியே இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அமையாது அமையாது என்று சொல்லிக்கொண்டே போகலாம், வலிக்காது, எனக்குத்தான் மெயின் ஆஃப். கோமதியம்மா கணினியில் எதையோ தட்டி, “செய்யதுக்கு ஏத்தியாச்சு, பூட்டுறதுக்கு மின்னாடி ஒரு தடவை சரிபாருங்க,” என்றாள். “சங்கரபாண்டி, உம்மவ மார்க்கைக் குடு.” அப்பா பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் கொடுத்தார்.

சார் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சன்னல் கம்பியில் சாரல் துளி ஒன்று உருண்டு அடுத்ததோடு சேர்ந்து கனத்து விழுந்தது. அம்மாவின் போன் வந்தது, அப்பா சட்டைப்பைக்குள்ளேயே அதை அமுக்கினார், மறுபடி வந்தது, “இப்பத்தான் பார்த்துக்கிட்டு இருக்காவ, வைட்டி,” என்று கிசுகிசுத்தார். சார் உதட்டைக் கொண்டுவந்தார். காற்று சொன்னது, சென்னை இழுபறி, பக்கத்து ஊர் அமையும், அதை மேல போடச் சொல்லு, சென்னையை அஞ்சாவதோ ஆறாவதோ போட்டாப் போதும். அஞ்சாவதோ ஆறாவதோ. உதவி மையத்துப் பெண்ணின் கட்டின தொண்டை ஞாபகம் வந்தது, கிடைக்க வேண்டியதே கிடைக்காமப் போகுது சார். இப்போது அவள் வாயில் எதை வேண்டுமானாலும் போடலாம். சென்னை அமையும், அதை மேல போடு. சாரின் குரல், சாரின் செருமல், சாரால் கத்தி மறுக்கக்கூட முடியாது, அப்பா சரி, சரி என்பார், முடிந்தது. எவ்வளவு சுலபம். ரீடிங் என்று கத்துவதைவிடச் சுலபம். நாக்கு நுனிக்கு அது வந்தே விட்டது, அமை என்று தொடங்கக்கூடச் செய்தது, அங்கேயே சிக்கிக்கொண்டது, ஏனென்றால் சார் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தன் குரல் வருவதைக் கேட்கக் காத்திருந்தார், தன்னிடம் இப்போது இல்லாத குரலை. “சென்னை,” என்றாள், மாட்டுவண்டிக் குரலில், “இழுபறி.” அப்பா, “சரி, சரி.” “பக்கத்து ஊர் அமையும்.” “சரி, சரி.” அப்பாவின் முகம் தெளிந்தது, பத்து நாளாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததைக் கீழே வைத்த முகம். “அதை மேல...” மேல என்கிற சொல்லுக்குப் பிறகு ஒரு சொல்தான் பாக்கி. அதைச் சொன்னால் கோமதியம்மா தட்டுவாள், பஸ் தெருமுனைக்கு வரும். தொண்டை அடைத்தது. நிஜமாகவே அடைத்தது, சாரிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. “ப்பா,” என்றாள். அந்த ‘ப்பா’ எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, மெலிசாக, கொஞ்சம் மூக்கடைப்போடு, ஓரம் கிழிந்த மாதிரி. அப்பா ஆர்வமாக நிமிர்ந்தார். “இது யாரு மாதிரிளா? ஆளு பிடிபடலையே.”

“சென்னையை மேல போட்டா ஒண்ணும் போகாதுப்பா,” என்றாள், அவசர அவசரமாக, நின்றால் வேறு யாராவது வந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று. “மேலேருந்து ஒண்ணு ஒண்ணாப் பார்க்குமாம். மேல உள்ளது இல்லைன்னா அடுத்தது. பக்கத்து ஊரை மேல போட்டாத்தான் போயிரும். அது கிடைச்ச ஒடனே அங்கனயே நின்னுரும், கீழ சென்னை காலியாக் கெடந்தாக்கூடப் பார்க்காது.” “யாரு சொன்னா?” “உதவி மையத்துல.” “நீ எப்ப அங்க போன?” “போன்ல கேட்டேன்.” “உங்கிட்டச் சொன்னாவளா?” “இல்லப்பா. உங்ககிட்டச் சொன்னாவ.” அப்பாவுக்கு அது மெதுவாக ஏறியது, கரண்டு போய் வரும்போது டியூப்லைட் ஏறுகிற மாதிரி விட்டு விட்டு, அவர் முகத்தில் என்ன வரப்போகிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை, சாரின் மப்ளரைப் பார்த்தாள், அதில் ஒரு நூல் பிரிந்திருந்தது. சத்தியம் போயிற்று. அம்மா தலை. சார் கண்ணைத் திறந்து, கையை வீசி, காதுக்குள் வேகமாகக் காற்றை விட்டார், எனக்கு அப்படித் தோணலை, எத்தனை வருசமாப் பார்க்கேன், ஆசையை மேல போட்டவன் எல்லாம் கண்ணைக் கசக்கிட்டுத்தான் வந்திருக்கான். “சார் என்ன சொல்லுதாவ?” என்றார் அப்பா. எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மறைக்க முடியாது, மறைக்கக் கூடாது, இது சாரின் வார்த்தை. மாட்டுவண்டி தயாராக நின்றது. அந்தக் குரலில் இதைச் சொன்னால் அப்பா மட்டுமில்லை, அவளே நம்பிவிடுவாள், அப்படி ஒரு குரல் அது, இருபது வருசத்து நம்பிக்கையை வைத்துக்கொண்டு பேசுகிற குரல், அதற்கு எதிரில் தன்னுடைய மூக்கடைத்த ‘ப்பா’ நிற்காது. செருமலை ஏறவிடாமல் விழுங்கினாள். “சாருக்கு அப்படித் தோணலையாம்ப்பா,” என்றாள், அதே கிழிந்த குரலில். “ஆசையை மேல போட்டவங்க அழுதுக்கிட்டு வந்ததைப் பார்த்திருக்காவளாம்.” அவ்வளவுதான். ஒரு பிள்ளை அடுத்த வீட்டுச் சேதி சொல்வது போல இருந்தது. செய்யதின் உம்மா முகத்தைச் சுளித்தாள். “சார் சொன்ன மாதிரியே இல்லையே இது.”

சார் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மூடிக்கொண்டார். அப்பா அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சட்டைப்பையில் மறுபடி அதிர்கிற போனைத் தொட்டார், எடுக்கவில்லை. பிறகு கேட்டார், குரலைச் சுருட்டாமல், வாசல் வரைக்கும் போகிற குரலில், “அந்தப் போன்ல பேசின பிள்ளை, எங்கிட்ட மரியாதையாப் பேசுச்சா?” “பேச்சுக்குப் பேச்சு சார்னு சொன்னாவப்பா.” “கோவப்படாம?” “நீங்க ஒண்ணையே திரும்பக் கேட்டீய. அப்பவும் பொறுமையாச் சொன்னாவ.” “நான் என்ன சொன்னேன்?” “நல்லாயிரும்மான்னு சொன்னீய.” அப்பா அதை யோசித்தார், நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பது போலத் தலையை ஆட்டினார். “வீட்டுல வச்சு உனக்கு இருக்கு,” என்றார். பிறகு கோமதியம்மா பக்கம் திரும்பி, “சார் கோவிச்சுக்கிடக் கூடாது. கவர்மெண்டு ஆளு நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கு. அப்புறம் நான் கேட்கலைன்னா நல்லாயிருக்காது. சென்னையை மேல போடுங்கம்மா.” கோமதியம்மா சாரைப் பார்த்தாள். சார் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கையை மட்டும் அசைத்தார், போடு என்றா, போங்க என்றா, தெரியவில்லை. அவள் போட்டாள். “உம்மா,” என்றான் செய்யது, “நம்மளதை இன்னும் பூட்டலைல்லா?” “வாயை மூடுடே,” என்றாள் அவன் உம்மா, சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டு, “அந்தப் பிள்ளைகிட்டயே கேளு, நம்பர் என்னன்னு. நானே பேசுதேன். எனக்கு எங்குரலே போதும்.”

பூட்டுவதற்கான எண் அப்பாவின் போனுக்கு வந்தது, அவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார், போனை அவளிடம் நீட்டினார், அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள், கோமதியம்மா தட்டினாள், திரையில் ஒரு பச்சைக் கோடு வந்தது. இவ்வளவுதானா. உச்சியில் அந்தக் கல்லூரியின் பெயர், கீழே மற்றதெல்லாம், இனி யாராலும் மாற்ற முடியாது, சாராலும் அப்பாவாலும் அவளாலும். அரை மார்க் அங்கேயேதான் இருக்கிறது, இழுபறி என்பது இழுபறிதான். இத்தனை நாளும் கிடைக்காவிட்டால் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை. இப்போது படி இறங்கும்போது, ஈரச் சிமெண்டில் கால் வைக்கும்போது, கிடைத்துவிட்டால் என்று முதல்தடவையாகத் தோன்றியது. கிடைத்துவிட்டால் ஒரு பெட்டி வாங்க வேண்டும். ராத்திரி ரயில். விடுதியில் ஒரு அறை, அறையில் இரண்டு பெண்கள், எந்த ஊரோ, கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருப்பவள் நிமிர்ந்து பார்த்து, உன் பேரு என்ன என்று கேட்பாள், கேட்டுவிட்டுக் காத்திருப்பாள், சிரிக்கத் தயாராக இல்லாமல், வெறுமனே தெரிந்துகொள்ளக் காத்திருப்பாள். அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும். அடுத்த நாளும் சொல்ல வேண்டும். நாலு வருசம். படிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள், இரும்பு சில்லென்று இருந்தது, உள்ளங்கை வேர்த்திருந்தது, நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. அப்பா கீழே குடையை விரித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். “என்னளா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?” “ஒண்ணுமில்லப்பா,” என்றாள். பிறகு, “கிடைச்சிருமோன்னு பயமா இருக்குப்பா.” அப்பா சிரிக்கவில்லை. யார் மாதிரி என்றும் கேட்கவில்லை. “எனக்கும்தான்,” என்றார்.